அத்தியாயம் 7: வான்கதவு திறக்கும் இரவுக்கு முன் – வன்னியில் சேர்வர் அறைக்கான அனர்த்தத் திட்டம்

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. புனரமைப்பு முடிந்து அந்த மாதந்தான் திறந்துவைக்கப்பட்ட இரணைமடுக் குளம் நிரம்பியது, வான்கதவுகளைத் திறந்தார்கள். கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைச் சனம் நித்திரையிலிருந்து எழும்பி, கையில் அகப்பட்டதோடு பள்ளிக்கூடங்களுக்கு ஓடியது. அன்று வெள்ளிக்கிழமை. அலுவலகங்கள் பூட்டியிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலை செய்கிற உத்தியோகத்தர்கள் பின்னேரமே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

உங்கள் அலுவலகத்தின் சேர்வர் அறையை அந்த இரவுக்குள் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வாசற்படி ஏறும்போது யூபிஎஸ்ஸை அணைப்பது யார்? திறப்பு யாரிடம் இருக்கிறது? நேற்றைய பதிவுகளின் பிரதி அந்தக் கட்டடத்துக்கு வெளியே எங்காவது இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் உடனே பதில் சொல்ல முடிந்தால், இந்த அத்தியாயத்தை நீங்கள் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகலாம்.

இங்கே சொல்லப்படுவது ஒரு றாக், இரண்டு மூன்று சேர்வர், சுவரில் ஓர் ஏசி என்ற அளவிலான அறைகளுக்கானது. பிரதேச செயலகம், வைத்தியசாலை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், பம்பைமடுவிலோ அறிவியல் நகரிலோ ஒரு பல்கலைக்கழகப் பீடம், ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் எல்லாமே இதற்குள் அடங்கும். பெரிய தரவு நிலையங்களுக்கான கைநூல்கள் அறையைக் காப்பாற்றுவதிலிருந்து தொடங்கும். இரட்டைச் சுவர், வாயு பீய்ச்சித் தீயணைக்கும் தொகுதி, இரண்டு ஜெனரேற்றர் என்று பட்டியல் நீளும். நமக்கு அந்தக் காசு இல்லை. ஆகவே தலைகீழாகத் தொடங்குவோம்: அறை போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, பதிவு எப்படி மிஞ்சும் என்று முதலில் திட்டமிடுங்கள். அறையைக் காப்பது அதற்கு அடுத்த வேலை.

வன்னியில் இதை விளக்கிச் சொல்ல அதிகம் மினக்கெட வேண்டியதில்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியேறியவர்களில் எத்தனையோ பேரிடம் காணிப் பேர்மிட் இல்லை; பல இடங்களில் அதைச் சரிபார்க்க வேண்டிய அலுவலகப் பேரேடும் இல்லை. கையில் இருந்த பிரதியும் கந்தோரில் இருந்த பிரதியும் ஒரே போரில் ஒரே நிலத்தில் போயின. இரண்டு பிரதி இருந்தும் பயனில்லாமல் போனது அப்படித்தான்.

முதல் தாள்

பொருள் வாங்குமுன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் சேர்வரில் ஓடும் ஒவ்வொரு வேலையையும் எழுதி, அதற்கு நேரே இரண்டு எண்களைப் போடுங்கள். இது நின்றால் எத்தனை மணி நேரம் சமாளிக்கலாம்? எத்தனை நாள் பதிவு தொலைந்தால் தாங்கலாம்? வைத்தியசாலையில் மருந்து இருப்பு நின்றால் சில மணி நேரம் கொப்பியில் எழுதிச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு நாள் பதிவும் தொலையக்கூடாது. அலுவலக இணையத்தளம் ஒரு வாரம் நின்றாலும் எவருக்கும் ஒன்றும் ஆகாது. இந்த எண்களைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தனியே போடக்கூடாது. கிளைத் தலைவர்களைக் கூப்பிட்டு இருத்திக் கேளுங்கள். எல்லோரும் முதலில் ‘எங்களுடையது ஒரு நிமிடமும் நிற்கக்கூடாது’ என்றுதான் சொல்வார்கள். அதற்கு ஆகும் செலவைச் சொன்னதும் எண்கள் இறங்கும்.

தண்ணீர் வரும் பாதை

வன்னியில் வெள்ளம் எங்கிருந்து வரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. குளத்தையும் ஆற்றையும் பார்த்தால் போதும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி, இரணைமடுவை நிரப்பி, வடக்கே சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. வவுனிக்குளத்து நீர் பாலியாற்றின் வழியே மேற்குக் கடலுக்குப் போகிறது. உங்கள் கட்டடம் எந்தக் குளத்துக்குக் கீழே, எந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கேளுங்கள். 2018இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். சுவரில் கறை இன்னும் தெரிந்தாலும் தெரியும். அந்த மட்டத்திலிருந்து குறைந்தது மூன்றடி மேலே உங்கள் சேர்வரின் அடிப்பாகம் இருக்கட்டும். மேல்மாடி இருந்தால் மேல்மாடி. ஆனால் தகரக் கூரைக்கு நேர்கீழே வேண்டாம். புயல் முதலில் கழற்றுவது கூரையைத்தான். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி கரையேறியது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்.

சேர்வரை உயர்த்திவிட்டு, அதற்கு உயிர் கொடுப்பதைக் கீழேயே விட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. 2012 ஒக்டோபரில் சான்டி புயல் நியூயோர்க்கைத் தாக்கியபோது, ஒரு தரவு நிலையத்தின் ஜெனரேற்றர் உயரத்தில் பத்திரமாக இருந்தது. அதற்கு டீசல் ஏற்றும் பம்பு நிலக்கீழ்த் தளத்தில் மூழ்கிவிட்டது. ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் 17 மாடி படியேறி வாளியில் டீசல் சுமந்தார்கள். ஆகவே ஜெனரேற்றர், மெயின் சுவிச், எரிபொருள் தாங்கி, பைபர் கம்பி உள்ளே நுழையும் பெட்டி ஆகிய நான்கின் உயரத்தையும் அளந்து, முதல் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். நான்கில் எது தாழ்வோ, அதுதான் உங்கள் அறையின் உண்மையான உயரம்.

எப்போது அசைவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். இரணைமடுவின் நீர்மட்டம் முழு அளவான 36 அடியை நெருங்குகிறது என்ற செய்தி வந்தால் கடைசிப் பிரதியை எடுத்து வெளியே அனுப்பவேண்டும். வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்தால் ஒழுங்காக அணைத்துவிட்டு மெயினை இறக்கவேண்டும். ‘பார்த்துச் செய்வோம்’ என்று விட்டால், பார்க்கிற நேரத்தில் வீதியில் தண்ணீர் நிற்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தோடு, உங்கள் கச்சேரியில் உள்ள அதன் மாவட்டப் பிரிவின் இலக்கத்தையும் கதவில் ஒட்டுங்கள்.

முல்லைத்தீவுக் கரையோரத்துக்கு வேறு கணக்கு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. இன்று எச்சரிக்கை வரும் என்றாலும் அந்த நேரம் மனிதருக்கு மட்டுமே போதும். ஆழிப்பேரலை எச்சரிக்கை கேட்டால் சேர்வர் அறைக்கு எவரும் போகக்கூடாது. ஹாட் டிஸ்க் எடுக்கவும் போகக்கூடாது. திட்டத்தில் இதைத் தடித்த எழுத்தில் எழுதிப் பொறுப்பதிகாரியிடம் கையொப்பம் வாங்குங்கள். இல்லாவிட்டால் கடமையுணர்ச்சியுள்ள யாராவது ஒருவர் ஓடுவார்.

மூன்று பிரதிகள், இரண்டு ஆறுகள்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதி இன்றும் சரியே. வன்னிக்கு இன்னொரு நிபந்தனை சேர்க்கிறேன்: வெளியிடப் பிரதி அதே ஆற்றின் பாதையில் இருக்கக்கூடாது. கிளிநொச்சி அலுவலகத்தின் பிரதியைக் கண்டாவளை உப அலுவலகத்தில் வைத்தால் தூரம் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. வவுனியா நகரம் இரணைமடு வெள்ளம் எட்டாத மேட்டில் இருக்கிறது. கிளிநொச்சிக்காரருக்கு நல்ல இரண்டாம் இடம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் ஒரே கிழமையில் புரட்டியதைப் பார்த்தோம். ஆகவே ஒரு பிரதி இன்னும் தொலைவில், கொழும்பிலோ கிளவுட்டிலோ இருக்கட்டும். அரச நிறுவனமானால், நாட்டுக்கு வெளியே அனுப்புமுன் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அதன் திருத்தங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளவுட்டில் இருக்கிறது என்றால் பத்திரம் என்று நினைக்கவேண்டாம். 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்திராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நமது நாட்டில் 2023இல் அரச கிளவுட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் பாவித்த அலுவலகங்களின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. தொகுதி விரைவிலேயே எழும்பியது. அந்தக் காலத்துக்கான பிரதிதான் இல்லை.

ஆகவே ஒரு பிரதி எந்தக் கம்பியிலும் தொங்காமல் இருக்கவேண்டும். இரண்டு வெளி ஹாட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று அறையில், மற்றது வெளியிடத்தில். வெள்ளிக்கிழமை தோறும் மாறட்டும். உள்ளிருப்பதை மறைகுறியாக்கம் செய்யுங்கள். கடவுச்சொல்லை உறையிலிட்டு இருவரிடம் கொடுங்கள். இருவரும் ஒரே பேருந்தில் போய்வருபவர்களாக இருக்கவேண்டாம். டிஸ்க்கை மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா பையோடு வையுங்கள். மாரியில் வன்னியின் ஈரம் எதையும் விடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பையாவது பிரதியிலிருந்து மீட்டுப் பாருங்கள். புரட்டாதியில், மழைக்கு முன், ஒரு முழுத் தொகுதியையும் வேறொரு கணினியில் எழுப்பிப் பாருங்கள். எடுக்க எத்தனை மணி நேரமானது என்று எழுதி, முதல் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பொருந்தாது. இரண்டில் ஒன்றைத் திருத்துங்கள்.

கறண்ட்

வன்னிக்கு மின்சாரம் அநுராதபுரத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் நோக்கிப் போகும் 132 கிலோவோல்ற் வழியில் வருகிறது. தெற்கே எங்கோ ஒன்று விழுந்தால் இங்கும் இருள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள்.

யூபிஎஸ் கறண்ட் இல்லாதபோது தொடர்ந்து வேலை செய்யவென்று இருப்பதல்ல. ஒழுங்காக அணைக்க, அல்லது ஜெனரேற்றர் பிடிக்கும்வரை தாங்க. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அந்த நேரத்துக்குள் சேர்வர் தானாக அணையும்படி யூபிஎஸ்ஸோடு கேபிள் போட்டு அமையுங்கள். அந்தக் கேபிள் பல அலுவலகங்களில் பொலித்தீன் பையோடு மேசை லாச்சிக்குள் கிடக்கும். ஏசி யூபிஎஸ்ஸில் இல்லை என்பதையும் மறக்கவேண்டாம். கறண்ட் போய் ஜெனரேற்றர் சேர்வருக்கு மட்டும் கொடுத்தால், பூட்டிய சிறு அறை அரை மணிக்குள் அடுப்பாகும். சேர்வருக்கு 18 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. 35ஐத் தாண்டினால் தானாக அணையட்டும்.

வெயில் கொல்வது முதலில் பற்றரியை. 25 பாகையில் ஐந்து வருடம் உழைக்கும் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள், ஒவ்வொரு 8 முதல் 10 பாகை கூடும்போதும் பாதியாகும். இரவில் ஏசியை நிறுத்திச் சிக்கனம் பிடிக்கும் அலுவலகத்தில் அது இரண்டு வருடத்தில் போய்விடும். போனது கறண்ட் நின்ற அன்றுதான் தெரியவரும். பற்றரியின் முகத்தில் வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதுங்கள்.

10 கேவிஏ டீசல் ஜெனரேற்றர் முக்கால் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 லீற்றர் குடிக்கும். மூன்று நாளுக்கு 180 லீற்றர் வரை, அதாவது ஒரு பரல் அளவு. 2022இல் கியூஆர் அட்டையோடு செட்டில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பரலின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் டீசல் வருடக் கணக்கில் கிடந்தால் ஈரமும் பாசியும் சேரும், சுழற்றிப் பாவியுங்கள். மாதம் ஒருமுறை மெயினை இறக்கி, உண்மையான சுமையோடு அரை மணி ஓட்டுங்கள். சும்மா இயக்கிச் சத்தம் கேட்டுவிட்டு நிறுத்துவது பரீட்சை ஆகாது.

கூரைச் சோலர் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சார சபை வழியோடு இணைத்த சாதாரண சோலர், வழியில் கறண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வெயிலில் பலகை மின்ன, கீழே அறை இருட்டாக இருக்கும். பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் இருந்தால் மட்டுமே உதவும். அதிலும் கார்த்திகை மார்கழி முகிலுக்குள், நமக்கு மிகத் தேவைப்படும் நேரத்தில், அது அரை வயிறுதான்.

இடியும் எர்த்தும்

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வன்னியில் வாடிக்கை. மின்னல் உங்கள் கூரையில்தான் விழவேண்டும் என்றில்லை. பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் செப்புக் கேபிள், வாசல் சிசிரிவி கமெரா, தொலைபேசிக் கம்பி எல்லாம் அதற்கு வாசல்கள். கட்டடத்துக்குக் கட்டடம் போவது பைபராகவே இருக்கட்டும். பைபர் மின்னலைக் கடத்தாது. மெயின் பலகையில் சேர்ஜ் புரொட்டெக்டர் பூட்டுங்கள். எர்த்தின் தடையை ஆவணியில், மண் காய்ந்து வெடித்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். மார்கழி ஈரத்தில் அளந்தால் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகவே தெரியும்.

எர்த் கம்பிக்கோ கேபிளுக்கோ குழி தோண்டும் முன் வன்னியில் கட்டாயம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு: இந்த நிலம் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா? அகற்றும் வேலை கிளிநொச்சி, முல்லைத்தீவில் போர் முடிந்து பதினைந்து வருடம் கழிந்தும் தொடர்ந்தது. குறிப்பாக எல்லை ஓரத்திலும் பழைய மண் அணைக்குப் பக்கத்திலும் தோண்டுமுன் கிராம அலுவலரிடமும் மிதிவெடி அகற்றலுக்குப் பொறுப்பான அலுவலகத்திடமும் கேளுங்கள். ஒப்பந்தகாரர் வெளியூர்க்காரர் என்றால் அவருக்கு இதைச் சொல்வது உங்கள் பொறுப்பு.

நெருப்பு

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது மாவட்டத்தில் தீயணைப்புச் சேவை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியே வண்டி வந்துசேரக் கடைகள் சாம்பலாகிவிட்டன. உங்கள் இடத்துக்கு வண்டி வர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துவைத்திருங்கள். அதுவரை உங்களிடம் இருப்பது உங்கள் கையில் உள்ள சிலிண்டர் மட்டும். சேர்வர் அறைக்குக் காபனீரொட்சைட்டு சிலிண்டர். தூள் சிலிண்டர் நெருப்பை அணைக்கும், இயந்திரத்தையும் முடித்துவைக்கும். சிறு அறையில் காபனீரொட்சைட்டு அடித்தவர் உடனே வெளியே வரவேண்டும், மூச்சு முட்டும்.

லிதியம் பற்றரி யூபிஎஸ் இப்போது மலிவாகிறது. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் டேஜொன் நகர அரச தரவு நிலையத்தில் லிதியம் பற்றரிகளை இடம்மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரச தொகுதிகள் நின்றன. அரச ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைற் களஞ்சியத்துக்கு வேறு பிரதி இல்லை. அளவு மிகப் பெரிது என்பதால் எடுக்கவில்லை என்றார்கள். பணத்திலும் தொழில்நுட்பத்திலும் அவர்கள் எங்கே, நாம் எங்கே! பற்றரியைச் சேர்வரோடு ஒரே அறையில் வைக்காமல் இருப்பது மட்டும் நம்மால் முடியும். பழைய கோப்புக் கட்டு, உடைந்த கதிரை, பெருநாள் அலங்காரக் கடதாசி ஆகியவற்றையும் வெளியே எடுங்கள். அலுவலகத்தில் ஒழுங்காகப் பூட்டும் அறை அது ஒன்றுதான் என்பதால் எல்லாம் அங்கே வந்து சேரும்.

எலி, பல்லி, எறும்பு, கறையான் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைப்பது. கள்ளனுக்கு செப்பும் பற்றரியும்தான் ஆசை. ஜெனரேற்றர் கொட்டிலுக்கும் நல்ல பூட்டுப் போடுங்கள்.

காவலாளிக்கு ஒரு தாள்

இத்தனைக்கும் மேலாக, விடுமுறை இரவில் அங்கே இருப்பவர் காவலாளி ஐயா. உங்கள் திட்டம் எண்பது பக்கமாக இருந்தாலும் அந்த இரவில் ஓடப்போவது அவர் வாசிக்கும் ஒரு தாள்தான். அதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு லமினேற் செய்து கதவுக்கு வெளியே தொங்கவிடுங்கள். தண்ணீர் இந்தக் கோட்டுக்கு வந்தால் இந்தச் சிவப்புச் சுவிச்சை இறக்கவும். தரை ஏற்கெனவே நனைந்திருந்தால் தொடவேண்டாம். புகை வந்தால் கதவைத் திறக்கவேண்டாம். இந்த மூவருக்கு இந்த ஒழுங்கில் தொலைபேசி எடுக்கவும். கோட்டைச் சுவரில் உண்மையாகவே கீறுங்கள். சுவிச்சுக்கு உண்மையாகவே சிவப்பு அடியுங்கள். மூவரில் ஒருவராவது நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவராக இருக்கட்டும். காவலாளி மாறும்போது புதியவரை ஒருமுறை அந்தச் சுவிச்சை இறக்கச் செய்து பாருங்கள். சேர்வர் கிடந்து போகட்டும், சுழியோடிப் போகவேண்டாம் என்பதையும் பொறுப்பதிகாரி வாயாலேயே சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அவர் நம்பமாட்டார்.

தொலைபேசி வேலை செய்யாத இரவும் வரும். கோபுரங்களின் பற்றரி சில மணி நேரந்தான் தாங்கும். டித்வாவின்போது பல மாவட்டங்களில் தொடர்பே அற்றுப்போனது. இரண்டு நிறுவனத்திடம் இணைப்பு எடுத்தால் போதும் என்றும் இருக்கவேண்டாம். இரண்டும் ஏ9 ஓரத்து ஒரே வழியால் வருகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு நாளுக்குக் கடதாசிப் படிவத்தில் வேலை செய்யத் தேவையான படிவங்களை அச்சடித்து மேல் அலுமாரியில் வையுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு

முதலில் போகிறவர் தடியோடும் ரோச்சோடும் போகட்டும். றாக்குக்குப் பின்னால் பாம்பு ஏறியிருக்கும். மின்னியலாளர் பார்த்துச் சொல்லும்வரை எதையும் இயக்கவேண்டாம். காப்புறுதிக்காகத் தொடர் இலக்கம் தெரியப் படம் எடுத்த பிறகே பொருளை அசையுங்கள். நனைந்த பற்றரியைக் கட்டடத்துக்கு வெளியே, திறந்த இடத்தில் வையுங்கள்; லிதியம் என்றால் நாட்கள் கழித்தும் பற்றக்கூடும். நனைந்த ஹாட் டிஸ்க்கை வெயிலில் காயப்போடவோ முடிகாய்ச்சியால் ஊதவோ வேண்டாம். காய்ந்தால் சேறு தட்டோடு ஒட்டிவிடும். ஈரத்தோடு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மீட்புத் தொழில் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். உப்புத்தண்ணீர் பட்டது என்றால் அன்றே அனுப்புங்கள்.

வெளியிடப் பிரதி சரியாக இருந்தால் இதில் அவசரம் எதுவும் இல்லை. இரவல் கணினி ஒன்றில் முதல் தாளின் மேல் வரியில் உள்ள வேலையை எழுப்புங்கள். அது ஓடத் தொடங்கிய பிறகே இரண்டாவது வரிக்குப் போங்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் நிவாரணப் பதிவுக்குச் சனம் வாசலில் நிற்கும். பெரும்பாலும் குடும்ப விபரப் பதிவே அந்த மேல் வரியில் இருக்கவேண்டியது.